மணலுக்கு நிறை, சேற்றுக்குப் பரப்பு

ஜீப் ஒன்றின் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று அறிய மாளிகாவத்தைக்காரர்கள் புத்தகம் புரட்டத் தேவையில்லை. பஞ்சிகாவத்தைப் பக்கம் நடந்தால் போதும். கழற்றிய கியர் பொக்ஸ்கள், எண்ணெய் வடியும் அக்சல்கள், பூசணிக்காய் அளவில் உருண்டு நிற்கும் டிபரன்ஷல்கள் எல்லாம் கடை வாசல்களிலேயே அடுக்கியிருக்கும். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டின் பழைய ஜீப்புகள் ஓடிக்கொண்டிருந்ததில் இந்த வீதிக்குப் பெரிய பங்குண்டு.

பாடசாலை விடுமுறை வந்தால் எங்கள் தொடர்மாடிகளில் வில்பத்துப் பயணப் பேச்சும் வந்துவிடும். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு ஃபோர்வீல் ஜீப்பை ஹயருக்கு எடுப்பார்கள். வாகனக்காரரிடம் கேட்கிற கேள்விகள் எப்போதும் ஒன்றுதான்: எத்தனை சீசீ, டேர்போ இருக்கிறதா, ஏசி வேலை செய்கிறதா, ஒரு நாளைக்கு எவ்வளவு. இயந்திரத்தின் பலத்தைப் பற்றி அவ்வளவு விசாரணை நடக்கும். அந்தப் பலத்தை வாங்கிக்கொள்ளப் போகிற நிலத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஒரு வாகனத்தை முன்னே தள்ளுவது நிலம். சில்லு நிலத்தைப் பின்னால் தள்ளுகிறது, நிலம் சில்லை முன்னால் தள்ளுகிறது; நியூற்றனின் மூன்றாம் விதி என்று ஓ லெவலில் எல்லோரும் மனப்பாடம் பண்ணியதுதான். நிலத்தால் எவ்வளவு தாங்க முடியுமோ அவ்வளவுதான் வாகனத்துக்குக் கிடைக்கும். 150 குதிரைவலு இருந்தாலும் மண் 20 குதிரைவலுவுக்கு மேல் வாங்க மறுத்தால், மிச்சம் 130உம் குழி தோண்டத்தான் உதவும்.

வில்பத்து பாலைவனமில்லை. இலங்கையில் பாலைவனமே கிடையாது. ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெய்கிற இடத்தைத்தான் பாலைவனம் என்பார்கள். வில்பத்தில் ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர் பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஜூனில் இருந்து செப்டெம்பர் வரை சோளகக் காற்று மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். அந்த மாதங்களில் ஒரு ஜீப்புக்கு அங்கே நேர்வது பாலைவனத்தில் நேர்வதுதான். தெற்கே கலா ஓயாவில் இருந்து வடக்கே மோதரகம் ஆறு வரை 1317 சதுர கிலோமீற்றர் காடு. 1938இல் தேசிய பூங்காவானது. போர்க்காலத்தில் நீண்ட நாள் மூடிக்கிடந்து 2003இல் திறந்தார்கள். 2006 மே மாதம் உள்ளே வாகனத்தில் போய்க்கொண்டிருந்த எழுத்தாளர் நிஹால் டி சில்வாவும் கூடப் போனவர்களும் கண்ணிவெடியில் சிக்கி உயிரிழந்தார்கள். பூங்கா திரும்ப மூடப்பட்டு 2010இல் திறந்தது. ஆளரவமற்ற அந்த வருடங்கள்தான் அந்தக் காட்டை யால மாதிரி ஜீப் வரிசை பிடிக்கும் இடமாக ஆகாமல் வைத்தன என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கில் சந்தோஷப்பட முடிவதில்லை.

இங்கே ஒரே நாளில் மூன்று விதமான நிலத்தை ஜீப் சந்திக்கிறது. குதிரைமலை முனைக்குப் போகிற பக்கத்தில் இரத்தச் சிவப்பு மண். பழைய காலத்தில் காற்று கொண்டுவந்து குவித்த மணல் அது. ஒவ்வொரு மணிக்கும் மேலே இரும்பு ஒட்சைட்டும் களியும் பூசியிருக்கிறது. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடி, திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரிக்காடுகளும் இதே சாதிதான். இரண்டாவது, பாதைகளிலும் கரையோரத்திலும் கிடக்கும் வெளிர் மணல். மூன்றாவது, வில்லுகள். ஆறும் வாய்க்காலும் ஊட்டாமல் மழைநீரே வந்து தேங்கும் இயற்கைப் பள்ளங்கள். ஓரத்தில் மணல், நடுவில் சேறு. அந்த வில்லுகளுக்காகத்தான் 2013இல் வில்பத்து ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறியது.

முதலில் உலர்ந்த மணல். அதன் மணிகளுக்குள் ஒட்டுதல் கிடையாது. ஒன்றின் மேல் ஒன்று அழுந்தும்போது உரசுகிற உராய்வு மட்டுமே அதன் பலம். வீடு கட்டுகிற இடத்தில் காய்ந்த மணலை மேலிருந்து மெதுவாகக் கொட்டிப் பாருங்கள். எவ்வளவு கொட்டினாலும் குவியலின் சரிவு ஏறத்தாழ 33 பாகையில் நின்றுவிடும்; அதற்கு மேல் செங்குத்தாக்கினால் சரிந்து பழையபடி வரும். சகாராவின் குன்றானாலும் வடமராட்சி மணற்காட்டின் குன்றானாலும் சரியும் பக்கத்துச் சாய்வு இதை ஒட்டியே இருக்கும். அந்தக் கோணத்தின் தான்சன் 0.65. ஒரு சில்லு மணலைப் பின்தள்ளுவதும் இதே உராய்வை நம்பித்தான். ஆகவே உலர்ந்த மணல் ஒரு வாகனத்துக்குத் தரக்கூடிய அதிகபட்ச உந்துவிசை, ஓட்டப்படும் சில்லுகளின் மேல் இறங்கும் நிறையில் 0.65 பங்கு. இயந்திரத்தின் பெயர் இந்தக் கணக்கில் வரவேயில்லை.

ஆட்களோடு சேர்த்து 2000 கிலோ ஜீப் என்று வைப்போம். நிறை 19,600 நியூற்றன். நான்கு சில்லும் ஓடினால் மணல் தரக்கூடியது 12,700 நியூற்றன். பின் சில்லு இரண்டு மட்டும் ஓடினால் அதில் பாதி, 6,400 சொச்சம். இனிச் செலவுப் பக்கம். கார்பட் வீதியில் உருளும்போது வரும் தடை நிறையில் நூற்றுக்கு ஒன்றரை அளவுதான், 300 நியூற்றன். தளர்ந்த மணலில் அது நூற்றுக்கு இருபதையும் தாண்டும். 25 என்று வைத்தால் 4,900 நியூற்றன். பின் சில்லு மட்டும் ஓடும் வாகனத்துக்கு மிஞ்சுவது 1,500. அதை வைத்துக்கொண்டு 4 பாகைச் சரிவுக்கு மேல் ஏற முடியாது. நான்கு சில்லும் ஓடினால் கணக்குப்படி 22 பாகை வரை ஏறலாம். ஃபோர்வீல் லீவரை இழுத்தால் ஏதோ பலம் கூடுகிறது என்று நினைக்கிறோம். இயந்திரம் அதேதான். முன் சில்லின் மேல் சும்மா உட்கார்ந்திருந்த ஆயிரம் கிலோவும் வேலைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. உந்துவிசைக்கான சூத்திரத்தில் டயரின் அகலம் இல்லை, டயர் நிலத்தைத் தொடும் பரப்பும் இல்லை. அப்படியானால் மணலில் இறங்குமுன் டயரில் காற்றைக் குறைக்கிறார்களே, எதற்கு? எங்கள் மாடியில் குவைத்தில் பல வருடம் சாரதியாக இருந்து வந்த நானா ஒருவர், "காத்த எறக்கினா புடி கூடும்" என்பார். பாலைவனத்தில் மணல்குன்று ஏறியவர் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் செய்வது முற்றிலும் சரி. காரணம் மட்டும் வேறு இடத்தில் இருக்கிறது: காற்றைக் குறைத்தால் உலர்ந்த மணலில் வரவு பெரிதாகக் கூடுவதில்லை, செலவுதான் குறைகிறது.

டயருக்குள் இருக்கும் காற்றின் அமுக்கமும் டயர் நிலத்தை அழுத்தும் அமுக்கமும் கிட்டத்தட்ட ஒன்றேதான். பக்கச் சுவரின் விறைப்பால் கொஞ்சம் வித்தியாசம் வரும், அதை விட்டுவிடலாம். 35 பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 24 நியூற்றன். ஒரு சில்லின் மேல் 500 கிலோ இறங்குகிறது என்றால் அதைத் தாங்க 200 சதுர சென்ரிமீற்றர் போதும். விரல்களையும் சேர்த்து அகன்ற கை ஒன்றின் பரப்பு. காற்றை 16 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் அதே நிறையைத் தாங்க 440 சதுர சென்ரிமீற்றர் வேண்டும். டயர் அகலத்தில் அவ்வளவாக விரியாது, நீளத்தில்தான் படியும். பாதி அமுக்கத்தில் அழுத்தினால் சில்லு குறைவாகப் புதையும். புதைவது குறைந்தால் சில்லின் முன்னே குவியும் மணல் மேடு சிறுக்கும். அந்த மேட்டைத் தள்ளிக்கொண்டும், கீழே மணலை நசுக்கிக்கொண்டும் போவதுதான் மணலின் தடை முழுவதும்.

போலந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த பொறியியலாளர் பெக்கர் இந்தத் துறைக்கே அடித்தளம் போட்டவர். வாகனம் போன பின் விட்டுச்செல்கிற தடத்தின் ஆழத்தை வைத்து, மண்ணை அமுக்கச் செலவான சக்தியைக் கணக்கிடலாம் என்று அவர் காட்டினார். உங்கள் ஜீப் பின்னால் ஆழமாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தால், அந்தக் கோடு முழுவதும் உங்கள் டீசல். 1971இல் அப்பலோ 15 பயணிகள் நிலாவில் ஓட்டிய ஊர்தி அவர் பங்களிப்போடு உருவானது. அதன் சில்லுகளில் ரப்பரும் இல்லை, காற்றும் இல்லை. பியானோக் கம்பி மாதிரியான உருக்குக் கம்பியைப் பின்னிய வலை.

வில்பத்தின் யானைக்கு இந்தப் பாடமெல்லாம் யாரும் எடுக்கவில்லை. யானையின் முன்காலடியின் சுற்றளவை இரட்டித்தால் ஏறத்தாழ அதன் தோள் உயரம் வரும் என்பது பழைய யானைக்காரர் கணக்கு. 2.6 மீற்றர் உயரம் என்றால் காலடிச் சுற்றளவு 1.3 மீற்றர், பரப்பு 1,340 சதுர சென்ரிமீற்றர் சொச்சம். 3500 கிலோ யானை நான்கு காலில் நிற்கும்போது நிலத்தை அழுத்துவது சதுர சென்ரிமீற்றருக்கு ஆறரை நியூற்றனுக்கும் குறைவு. டயர் பாஷையில் 9 பி.எஸ்.ஐ. ஒரு காலைத் தூக்கினாலும் 12ஐ ஒட்டித்தான். அதாவது ஜீப்பை விட முக்கால் மடங்கு பாரம் கூடிய மிருகம், ஜீப்பின் அமுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கோடு நடக்கிறது. அதன் பாதத்துக்குள் கொழுப்பு மெத்தை உண்டு. ஊன்றும்போது பாதம் விரிகிறது, தூக்கும்போது சுருங்குகிறது. சேற்றில் இருந்து கால் சுலபமாக வெளியே வருவதும் அதனால்தான். டயர் சுருங்காது.

சேறு என்று வந்தால் விதி தலைகீழ். வில்லின் நடுவில் இருக்கும் ஈரக்களியில் மணிகள் மிக நுண்மையானவை, இடையில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. மேலே பாரம் ஏற்றினால் அந்தப் பாரத்தைத் தண்ணீரே வாங்கிக்கொள்கிறது. மணிகளுக்கிடையில் உராய்வு கூடுவதில்லை. மிஞ்சுவது களியின் ஒட்டும் தன்மை மட்டும். ஒட்டு என்பது பரப்பைப் பொறுத்தது. சதுர சென்ரிமீற்றருக்கு 3 நியூற்றன் ஒட்டு உள்ள களியில் நான்கு டயரும் சேர்ந்து 800 சதுர சென்ரிமீற்றர் தொட்டால் கிடைக்கும் உந்துவிசை 2,400 நியூற்றன். காற்றைக் குறைத்து 1,760 சதுர சென்ரிமீற்றர் ஆக்கினால் 5,280. இங்கே நானா சொன்ன "புடி" உண்மையிலேயே கூடுகிறது. ஆனால் இன்னும் நான்கு பேரை ஏற்றிப் பாரம் கூட்டினால் ஒரு பயனும் இல்லை, வாகனம் ஆழப் புதைவதுதான் மிச்சம். மணலில் நிறை கூடினால் பிடிப்பும் கூடும், தடையும் கூடும். இரண்டும் சரிக்குச் சரி. சேற்றில் நிறை வெறும் நட்டம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல நிலை இருக்கிறது, அதுதான் ஈரமணல். மணிகளுக்கிடையில் கொஞ்சமாகத் தண்ணீர் இருந்தால் அது சின்னப் பாலங்களாக நின்று மணிகளை இழுத்துப் பிடிக்கும். காலிமுகத்திடலில் பிள்ளைகள் மணல் வீடு கட்டுவது இந்தப் பாலங்களின் தயவில். அதிகாலைப் பனி விழுந்த மணற்பாதை காலை ஆறு மணிக்கு இறுகிக் கிடக்கும்; பத்து மணிக்கு அதே பாதை சில்லை விழுங்கும். பூங்காவுக்குள் காலையிலேயே போய்விடுங்கள் என்று சொல்வது சிறுத்தையைப் பார்க்க மட்டும் இல்லை. சிவப்பு மண் எதிர்த் திசையில் குணம் மாறும். களி பூசிய மணிகள் காய்ந்தால் ஒன்றோடொன்று இறுகும், மழை விழுந்தால் அந்தப் பூச்சே வழுக்கும்.

இவற்றில் பலவற்றை ஒரு பிரித்தானிய இராணுவ அதிகாரி அடிபட்டுத்தான் கற்றார். றல்ஃப் பக்னோல்ட், 1920களில் எகிப்தில் இருந்தவர். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் நண்பர்களோடு ஃபோர்ட் கார்களை எடுத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் இறங்கிவிடுவார். காரில் போகவே முடியாது என்று எல்லோரும் நம்பிய மணற்கடலை 1930ஐ ஒட்டிய வருடங்களில் கடந்தார். காற்றைக் குறைத்தார், புதைந்த சில்லுக்கடியில் வைக்க உருக்குத் தகடுகள் கொண்டுபோனார். அந்தத் தகடுகள் முதல் உலகப் போரின் பதுங்குகுழிக் கூரைக்காகச் செய்தவை, கெய்ரோவில் பழைய சாமான் கடையொன்றில் அவருக்குக் கிடைத்தவை. (கெய்ரோவிலும் ஒரு பஞ்சிகாவத்தை இருந்திருக்கிறது.) றேடியேற்றர் கொதித்து ஆவியாகும் தண்ணீர் வீணாகாமல், குழாய் வழியே ஒரு தகரத்துக்குள் போய்க் குளிர்ந்து திரும்பவும் உள்ளே உறிஞ்சப்படும்படி ஒரு ஏற்பாடும் செய்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு காற்றுச் சுரங்கம் கட்டி மணல் எப்படிப் பறக்கிறது என்று ஆராய்ந்து 1941இல் நூல் வெளியிட்டார். செவ்வாய்க் கிரகத்து மணல்மேடுகளைப் படிப்பவர்கள் இன்றும் அதைத்தான் எடுக்கிறார்கள்; அங்கே ஒரு மணல்மேட்டுத் தொகுதிக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள்.

அவர் கண்டுபிடித்ததில் ஒரு சாரதிக்கு நேராகப் பயன்படுவது இது. காற்று வீசும் பக்கத்தில் மணிகள் தத்தித் தத்தி வந்து மோதி இறுகப் படிகின்றன. மறுபக்கத்தில் உச்சியில் இருந்து சரிந்து விழுந்து தளர்வாகக் கிடக்கின்றன. ஒரே மணல், இரண்டு பலம். சோளகம் தென்மேற்கில் இருந்து வீசும் நாட்டில் குன்றின் தென்மேற்குப் பக்கம் ஓரளவு தாங்கும், வடகிழக்குப் பக்கம் புதைக்கும்.

டிபரன்ஷலுக்கு வருவோம். வளைவில் வெளிப்பக்கச் சில்லு உள்பக்கச் சில்லை விடக் கூடிய தூரம் ஓட வேண்டும். இரண்டு சில்லுக்கும் இடையில் ஒன்றரை மீற்றர் என்றால், ஒரு செங்கோணத் திருப்பத்தில் மட்டும் வித்தியாசம் 2.36 மீற்றர். இந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கத்தான் அந்தப் பல்சக்கரத் தொகுதி. அதன் இயல்பு, இரண்டு பக்கத்துக்கும் சமமான முறுக்குவிசையைக் கொடுப்பது. நீதியாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு சில்லு பள்ளத்துக்கு மேல் காற்றில் தொங்கினால் அதைச் சுழற்ற விசையே தேவையில்லை. ஆகவே அதற்குக் கிடைப்பது பூச்சியத்துக்குப் பக்கம், மறுபக்கத்துக்கும் அதே பூச்சியம். திடமான நிலத்தில் நிற்கும் சில்லு அசையாமல் இருக்க, தொங்கும் சில்லு விர்ரென்று சுழலும். ஃபோர்வீலில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்றாக இரண்டு டிபரன்ஷல். முன்னில் ஒரு சில்லும் பின்னில் ஒரு சில்லும் பிடி விட்டால் "ஃபோர்வீல்" என்று பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் மட்டும்தான் மிஞ்சும். பழைய ஜீப்காரர்கள் இந்த இடத்தில் அக்சிலரேற்றரை மிதித்தபடியே பிரேக்கையும் மெல்ல அமுக்குவார்கள். சுழலும் சில்லுக்குப் பொய்யாக ஒரு தடை கிடைக்கிறது. அதே அளவு முறுக்கு மறுபக்கத்துக்கும் போய்ச் சேர்கிறது. புதிய வாகனங்களில் கணினி அந்தச் சில்லை மட்டும் பிடித்து இதைச் செய்துவிடுகிறது.

நம்மவர்கள் ஹயருக்கு எடுக்கும் பிக்அப் வகைகளில் பெரும்பாலும் முன் அக்சலுக்கும் பின் அக்சலுக்கும் நடுவில் டிபரன்ஷல் இருக்காது. ஃபோர்வீல் லீவரை 4Hஇல் போட்டால் இரண்டும் இறுக்கிப் பூட்டப்படும். திருப்பத்தில் முன் சில்லுகளும் பின் சில்லுகளும் வேறு வேறு தூரம் ஓடப் பார்க்கின்றன, ஓட விடாமல் பூட்டு தடுக்கிறது. மணலில் சில்லு கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த கார்பட் வீதியில் வழுக்க இடமில்லை. முறுக்கம் உள்ளேயே ஏறிக்கொண்டு போய்ப் பல்லை உடைக்கும். புத்தளம் வீதியில் 4Hஇலேயே ஓட்டிய புண்ணியவான்களின் தயவில் பஞ்சிகாவத்தையில் நல்ல வியாபாரம் நடக்கிறது. நான்கு டயரும் ஒரே அளவில் இல்லாவிட்டாலும், ஒன்று புதியது ஒன்று தேய்ந்தது என்றிருந்தாலும், நேர் வீதியிலேயே இந்த வினை தொடங்கிவிடும். வாகனத்தை எடுக்கும்போது டயர்ச் சுவரில் இருக்கும் அளவை நான்கு பக்கமும் வாசியுங்கள். பக்கத்திலேயே நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்த டயர். காற்றைக் குறைத்து ஓடும்போது பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். காய்ந்து வெடிப்பு விழுந்த பழைய ரப்பர் அதைத் தாங்காது.

4L எனப்படும் குறைந்த கியர் எல்லாவற்றையும் சுமார் இரண்டரை மடங்கு மெதுவாக்கி முறுக்குவிசையை அதே மடங்கு கூட்டும். மணலுக்கு அது பெரும்பாலும் வேண்டாம். மணல் வாங்கக்கூடியதை விட அதிகமாக முறுக்கினால் சில்லு சுழலும். சுழலும் சில்லு அடியில் இருக்கும் மணலை வாரிப் பின்னால் எறிந்து தானே இறங்கும். செவ்வாயில் ஸ்பிரிட் ஊர்திக்கு 2009இல் நடந்தது இதுதான். கோடிக் கணக்கில் செலவழித்தவர்கள் மாதக் கணக்காக மெல்ல மெல்ல உருட்டிப் பார்த்தும் அது வெளியே வரவில்லை. வில்பத்தில் சில்லு சுழலத் தொடங்கிய அந்த நொடியே காலை எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுக்க வேண்டும். அந்தத் தடம் நீங்களே காசு கொடுத்து அமுக்கி வைத்த நிலம், முன்னால் இருப்பதை விட இறுகியது. நிறுத்தும்போதும் பிரேக் போடாமல் உருண்டு நிற்க விடுவது நல்லது. பிரேக் சில்லுக்கு முன்னால் மணல் அணை கட்டிவிடும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பூங்காவுக்குள் அனுமதித்த இடங்கள் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது என்பதுதான். துபாய்க் குன்றில் புதைந்தால் இறங்கி மண்வெட்டி பிடிக்கலாம். இங்கே கரடி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது. அதனால் காற்றைக் குறைப்பதை வாசலிலேயே முடித்துவிட வேண்டும். பலகை ஒன்றும் கொண்டுபோங்கள். தளர்ந்த மணலில் ஜக் வாகனத்தைத் தூக்காது, தானே உள்ளே போகும்.

பாதையில் அலை அலையாக மேடு விழுந்து பல்லைக் கிடுகிடுக்க வைப்பதற்கும் விளக்கம் உண்டு. பெரிய வாகனங்கள், கெட்டுப்போன ஸ்பிரிங், மோசமான பராமரிப்பு என்றுதான் குற்றம் சாட்டுவோம். 2007இல் ஆய்வாளர் சிலர் வட்டமாகச் சுழலும் மணல் தளத்தில் ஒரு சில்லை உருட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிங்கும் தேவையில்லை, இயந்திரமும் தேவையில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் எந்தச் சில்லும் அலை போடும். அதற்குக் கீழே போனால் அலையே வராது. அந்த எல்லை நடை வேகத்துக்குக் கிட்டவே இருப்பதால் மண்பாதை அலை பிடிப்பதைத் தடுக்க முடியாது, ஆனால் வேகம் குறைந்தால் அது பிடிக்கும் வேகமும் குறையும்.

கூரைப் படங்குக்குக் கீழே உயரத்தில் பெஞ்ச் அடித்த ஜீப்பில் போகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. 1800 கிலோ வாகனத்தின் புவியீர்ப்பு மையம் நிலத்தில் இருந்து 70 சென்ரிமீற்றரில் என்று வைப்போம். 1.7 மீற்றர் உயரத்தில் ஆறு பேர், 400 கிலோ, ஏறினால் மையம் 88 சென்ரிமீற்றருக்கு ஏறும். நின்ற நிலையில் கவிழும் கோணம் 47 பாகையில் இருந்து 40க்கு இறங்கிவிடும். ஓடும்போது, அதுவும் சிறுத்தை தெரிகிறதென்று ஆறு பேரும் ஒரு பக்கம் சாயும்போது, இன்னும் இறங்கும். மணல் சரிவில் குறுக்கே போகாமல் நேராக ஏறி நேராக இறங்கச் சொல்வது இதற்காக.

திரும்பி வரும்போது வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. ஹுனுவில்கமவில் வெளியே வந்து புத்தளம் அனுராதபுரம் வீதியில் ஏறியதும் எல்லோருக்கும் வீடு போகிற அவசரம். 16 பி.எஸ்.ஐ.யோடு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். காற்றை நிரப்பத்தான் வேண்டும். ஆனால் நாள் முழுக்க வெயிலிலும் மணலிலும் ஓடிய டயர் சூடாக இருக்கிறது. அளவுமானி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலே உள்ள அமுக்கத்தை மட்டும். 32 என்று காட்டினால் உண்மையான அமுக்கம் 14.7ஐக் கூட்டி 46.7. டயர்க் காற்று 57 பாகை செல்சியஸில் இருக்கும்போது 32 அடித்தால், இரவில் 27 பாகைக்குக் குளிர்ந்ததும் அது 42.5 ஆகி, மானியில் 28ஐத் தொடாது. ஆகவே சூடான டயருக்கு 36, 37 வரை அடித்துக்கொண்டு வரவேண்டும். வாகனத்தைத் திருப்பிக் கொடுக்குமுன் அடுத்த நாள் காலை, ஓட்டாமலே, மானியை வைத்து ஒரு தடவை பாருங்கள். பின் சில்லு ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் வால்வுக்குள் மணல் போயிருக்கலாம்.